திங்கட்கிழமை வரிசை

சிவப்புக் கார்பாலிக் சோப்பின் நாற்றம் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. இன்று திங்கட்கிழமை. பள்ளிக் கிணற்றடியில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் பதினோரு பேருக்குத் தலை தேய்த்துவிட்டு வந்து, சாப்பிடப் பிடிக்காமல் உனக்கு எழுதுகிறேன். நீ இறந்து மூன்று வாரமாகிறது. எந்த முகவரிக்கும் போகாத கடிதம் என்பதால்தான் உண்மையை எழுத வருகிறது.

நாம் இருவரும் ஒரே வருடம்தான் லாபிஸ் ஊரில் இந்த மிஷன் பள்ளிக்கு ஆசிரியைகளாக வந்து சேர்ந்தோம். இந்தப் பள்ளியைப் பற்றி ஊருக்கு எத்தனை பெருமை. தபாலாபீஸ்காரர், ஆஸ்பத்திரி டிரசர், ரயிலடியில் கொடி காட்டுபவர், எல்லாரும் இதே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்கள். தோட்டத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று தலைமையாசிரியையான வெள்ளைக்காரப் பெரிய மிஸ் சீமைக்கு எழுதுவார். சேர்த்துக்கொண்டோம், கிணற்றடி வழியாக. அந்தப் பிள்ளைகள் மட்டும் திங்கள்தோறும் வரிசையில் நிற்க வேண்டும். பேன் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. தோட்டம் என்றாலே சோப்புதான். தேய்த்து முடிந்ததும் கை கூப்பி, "எங்களைச் சுத்தமாக்கினதற்கு நன்றி ஆண்டவரே" என்று சொன்னால்தான் வகுப்புக்குள் விடுவோம். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகள் வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். முதல் வாரமே நீ என் காதில், "இது ஜெபமா, மாடு குளிப்பாட்டுறதா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். உன் வாய்த்துடுக்கு எனக்குப் பிடிக்கும். கூடச் சேர்ந்து மாட்டிக்கொள்ளத்தான் பயம்.

அப்படி ஒரு திங்களில், தோட்டத்துப் பிள்ளைகள் வெளியே வரிசையில் காத்திருக்க, ஸ்டேஷன் மாஸ்டர் மகள் உள்ளே கணக்குப் போடாமல் தலையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். நீ அவள் பின்னலை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, பக்கத்து வகுப்பிலிருந்த என்னைக் கூப்பிட்டாய். குனிந்து பார்த்தேன். ஈரும் பேனுமாக நெளிந்தது. நீ அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வரிசையின் கடைசியில் நிறுத்தினாய். மற்றவர்களுக்குத் தேய்த்தது போலவே அவளுக்கும் தேய்த்தாய்.

மத்தியானத்துக்குள் அவளுடைய அம்மா வந்துவிட்டார். "என்ர பிள்ளையைக் கூலிச் சனத்தோட நிக்க வைச்சிருக்கிறியள். நாங்கள் என்ன தோட்டத்து லயத்தில இருந்தே வந்தனாங்கள்?"

"பேன் இருந்துச்சுங்க. லயமா குவாட்டர்ஸான்னு பாத்தா பேன் ஏறுது?" என்றாய் நீ.

அவர் பெரிய மிஸ்ஸிடம் திரும்பி, "இவவை வைச்சிருந்தால் ரயில்வே குவாட்டர்ஸில ஒருத்தரும் பிள்ளையளை அனுப்பமாட்டம்" என்றார்.

பெரிய மிஸ் என்னை வரச்சொல்லி, தனக்குத் தெரிந்த தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ பேன் பார்த்தாயா?"

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இல்லீங்க மிஸ், நான் பாக்கல" என்றேன்.

இல்லாததைச் சொல்லி ஒரு குழந்தையை அவமானப்படுத்தினாய் என்று அந்த வாரமே உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். ரயிலடியில் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, "நீ பயந்தவ, அது எனக்குத் தெரியும்டி. ஆனா பாத்ததப் பாக்கலன்னு சொல்லிட்டியே" என்றாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு யோங் பெங் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் நீ பாடம் சொல்லிக்கொடுத்ததையும், காய்ச்சலில் போனதையும் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நேற்று ஆலயத்தில் உனக்காக ஜெபம் வைத்தார்கள். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா முன் பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கமான ரீச்சர்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். ஊரே உட்கார்ந்திருந்தது. அன்று பேனைப் பார்த்தேன் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. "பள்ளிக்கு உண்மையாக உழைத்தவர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். அந்த அம்மாவைக் கண்டு வந்த அருவருப்பு ஒன்றுமே இல்லை, என்னைக் கண்டு எனக்கு வந்ததற்கு முன்னால்.

நீ போன பிறகு கிணற்றடி முழுக்க என் பொறுப்பாயிற்று. வேலை நிலைத்தது, மரியாதையும் கூடியது. ஒவ்வொரு திங்களும் உன் முகத்தை நினைத்துக்கொண்டேதான் தேய்க்கிறேன், ஆனாலும் தேய்க்கிறேன். இன்று வரிசையில் முதலில் நின்றவள் போன மாதம் சேர்ந்தவள், ஆறு வயது இருக்கும். அவள் அம்மா விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள். அதற்கும் முன்னால் எழுந்து, தலைக்கு ஊற்றி, எண்ணெய் வைத்து, இழுத்துப் பின்னி அனுப்பியிருந்தாள். தலையில் தூசுகூட இல்லை. என்னைக் கண்டதும் அந்தப் பிள்ளை தானாகவே பின்னலை அவிழ்த்தாள். தலையைக் குனிந்து, கையைக் கூப்பிக்கொண்டு, "நன்றி ஆண்டவரே" என்றாள். நான் அப்போது சோப்பைக்கூடக் கையில் எடுத்திருக்கவில்லை.