இடம் என்ற கட்டத்தில்

பிரியமுள்ள மச்சான் குமாருக்கு,

நீ எங்களையெல்லாம் விட்டுக் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமையானால் தறியை நிறுத்திவிட்டு இன்னமும் மலைக்குத்தான் போகிறேன். கண்ணமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பழக்க தோஷத்தில் இரண்டு டீ சொல்லிவிடுகிறேன். பிறகு இரண்டையும் நானே குடிக்கிறேன்.

நம் கொம்பன் ஆந்தை இந்த வருஷமும் அதே பாறை இடுக்கில்தான். இரண்டு குஞ்சு! எச்சம் வழிந்து பாறையே வெளுத்துக் கிடக்கிறது. அதற்குப் பத்தடி தள்ளி யாரோ வெள்ளை பெயின்ட்டில் ஒரு எண் போட்டிருக்கிறான். கல் குவாரிக்கு அளந்துவிட்டார்கள், மச்சான்.

நாம் மலை மலையாக அலைந்து கணக்கெடுத்த நோட்டுகளையெல்லாம் தூக்கிக்கொண்டு, குவாரியைத் தடுக்கச் சொல்லி பாரஸ்ட் ஆபீசுக்கு ஓடினேன். அதிகாரி பொறுமையாகத்தான் புரட்டினார். நரி, முயல், உடும்பு எல்லாவற்றுக்கும் இடம், நேரம், வெயில்கூட எழுதியிருந்தோம். ஆந்தைப் பக்கங்களில் மட்டும் ‘இடம்’ என்ற கட்டத்தில் வெறும் கோடு.

“இன்னாங்க இது? எந்த மலைன்னே இல்லியே. இத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?” என்றார்.

முதல் கூட்டின் படத்தை மலையின் பெயரோடு பீற்றிக்கொண்டு வாட்ஸ்அப்பில் போட்டவன் நான்தானே. மாந்திரீகத்துக்கு ஆந்தை பிடிக்கிறவன் அடுத்த வாரமே கூட்டைக் காலி செய்துவிட்டான். வெறும் பாறையைப் பார்த்து நீ அழுதாய். “இனிமே ஆந்தைக்கு இடமே எழுதக்கூடாது மச்சான்” என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய். காப்பாற்றத்தானே மறைத்தோம்?

நேற்று புதுப் படிவம் கொடுத்தார்கள். ‘இடம்’ என்ற கட்டத்தில் மலையின் பெயரை எழுதினேன். அதை ஆபீஸ் சுவரில் ஒட்டுவார்களாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாமாம். குவாரி நிற்குமா என்று கேட்டேன். “மேல அனுப்பறேன், பாக்கலாம்” என்றார். வேறென்ன செய்வது, நீயே சொல்லேன்.

குஞ்சுகளுக்குக் காவல் இருக்கப்போகிறேன் என்று தங்கச்சியிடம் சொன்னபோது, “தறிய வுட்டுட்டு ஆந்தைக்குக் காவல் குந்திகினு இருக்கப் போறியாண்ணா?” என்று கத்தினாள். காலையில் பார்த்தால் உன் டிபன் பாக்ஸில் புளிசாதம் கட்டி வைத்திருக்கிறாள்.

வெடி வைப்பவனைத் தடுக்க எனக்குத் தெம்பில்லை. ஆந்தை பிடிக்கிறவன் வந்தாலும் கத்தத்தான் முடியும். ஆனாலும் குஞ்சுகள் பறக்கும்வரை தினமும் அந்தப் பாறையடியில்தான் இருப்பேன். சத்தியத்தை ஒரே ஒருமுறைதான் உடைத்தேன். இந்தக் கடிதத்தில் மலையின் பெயர் இல்லை, பார்த்துக்கொள்.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
உன் மச்சான் வேலு