காகிதம் வேறு, பிளாஸ்டிக் வேறு

5 அக்டோபர் 1985, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. காலாண்டுப் பரீட்சை பேப்பர் இன்னும் ஒரு கட்டு பாக்கி.

இவர் ஆட்டோவில் ரெண்டு சாக்கு கொண்டுவந்து இறக்கினார். உள்ளே சோப்புத்தூள் பாக்கெட்டுக்கு வெட்டின ஓரத் துண்டுகள். ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் மெல்லிசா பிளாஸ்டிக், ரெண்டும் சேர்த்து ஒட்டினது. பழைய பேப்பர்காரர் இதைத் தொடமாட்டார். பிளாஸ்டிக் வாங்குகிறவரும் தொடமாட்டார். துவாக்குடிப் பக்கம் அந்தக் கம்பெனியில் குழி வெட்டி எரிக்கிறார்களாம். "சும்மாவே கொடுத்துட்டாங்க" என்றார், பரிசு விழுந்த மாதிரி.

எதுக்கு என்று கேட்கவில்லை. புழக்கடையில் வைக்கச் சொன்னேன்.

6, ஞாயிறு

மட்டன் எடுத்த நாளாகப் பார்த்து ரங்கநாதன் சார் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தார். இவரோடு ஆபீஸில் ஸ்டோர்ஸ் பிரிவில் பதினாறு வருஷம். குழம்புச் சட்டியை மூடிவிட்டு, காபி மட்டும்.

"என்ன மேடம், இவன் ராஜினாமா எழுதிக் கொடுத்ததுக்கு நீங்களும் சம்மதிச்சேளா?"

"ம், சொன்னார்" என்றேன். சொல்லவில்லை. ராஜினாமாவே இப்போதுதான் காதில் விழுகிறது. ஏன் அப்படிச் சொன்னேன், தெரியாது. இவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கேட்டேன்.

"சொன்னா வேண்டாம்னு சொல்லுவே."

"சொல்லியிருப்பேன்."

"அதான்."

அவ்வளவுதான் பேச்சு. மட்டன் கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

9, புதன்

வெயில். பேப்பர் திருத்தி முடித்தேன். ஹெச்.எம். நல்ல மூடில் இல்லை.

புழக்கடையில் அண்டா, பிளாஸ்டிக் வாளி, துணி துவைக்கிற சோடா. இவர் கால்சட்டையை மடித்துவிட்டு அந்தத் துண்டுகளை ஊறப்போடுகிறார், கிளறுகிறார். காகிதம் கஞ்சி மாதிரி கரைந்து போகிறது. பிளாஸ்டிக் மேலே மிதக்கிறது. கஞ்சியை வடிகட்டி அட்டை ஆக்கலாம், பிளாஸ்டிக்கை உருக்கி விற்கலாம் என்று கணக்கு. ஆனால் காகிதம் முழுசாகப் பிரிவதில்லை. ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. "உருக்கினாத்தான் தெரியும்" என்கிறார். தனக்குத்தானே.

பெண் ஸ்டெல்லாவுக்குச் சளி. மழைக்காலம் வந்தாலே அவளுக்கு மூச்சிளைப்பு வந்துவிடுமோ என்று பயம்தான். மருந்து தீர்ந்துகொண்டு வருகிறது, வாங்கணும்.

வாங்க வேண்டியது: மருந்து, துவரம்பருப்பு, ரெட் இங்க், திரி ஸ்டவ்வுக்குத் திரி.

13, ஞாயிறு

இன்று எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலைப் பூசைக்கு நான் மட்டும் போனேன். ஸ்டெல்லா சளியோடு படுத்திருந்தாள். திரும்பி வரும்போது தெரு முனையிலேயே நாற்றம். புழக்கடையில் இவர் இரும்புச் சட்டியில் பிளாஸ்டிக்கைப் போட்டு ஸ்டவ்வில் உருக்கிக்கொண்டிருந்தார். சட்டிக்கு நேர் மேலே ஸ்டெல்லாவின் ஜன்னல்.

கட்டிலில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் ரெண்டும் ஏறி ஏறி இறங்குகிறது. கூப்பிடவும் மூச்சு இல்லை. நகம் நீலம். பதினேழு வயசுப் பெண்ணை நானும் இவரும் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆட்டோவில் இவர் "ஸ்டெல்லா, ஸ்டெல்லா" என்று மட்டும்.

ஆஸ்பத்திரியில் ஊசி, ஆக்ஸிஜன். டாக்டர் கேட்டார்: "வீட்ல என்ன புகை?"  இவர் சொன்னார். முழுசும் சொன்னார்.

15, செவ்வாய்

லீவு. ஸ்டெல்லா ரெண்டு இட்லி சாப்பிட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மாவின் ரேடியோ ஓயவே இல்லை.

இவர் நேற்றிலிருந்து வராந்தாவில்தான். உள்ளே வருவதில்லை. நர்ஸ் சொல்லியும் வரவில்லை.

"அப்பா எங்கே?"

"வெளியே."

"வரச் சொல்லுங்க."

"சட்டையில நாத்தம் இருக்கும்னு நிக்கறார்."

"அம்மா, அப்பாவைத் திட்டாதீங்க."

திட்டவில்லை. திட்டினால் தேவலை போலிருந்தது. மத்தியானம் வராந்தாவுக்குப் போய்ச் சொன்னேன்: "வீடா, அதுவா, நீங்களே முடிவு பண்ணிக்கங்க." தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று புரியவில்லை.

17, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். புழக்கடை காலி. அண்டா கூட இல்லை. இருந்த இடம் தேய்த்துக் கழுவியிருந்தது.

எல்லாவற்றையும் ரங்கநாதன் சாரின் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார். கொள்ளிடக் கரைப் பக்கம், அவர்கள் வாழைத்தோப்புக்குப் பின்னால். ராத்திரியும் அங்கேயேதான். இனி தினம் காலையில் ஆபீஸ் போகிறபோது வாசலில் நின்று ஸ்டெல்லாவைக் கேட்டுவிட்டுப் போவாராம். வாசலோடு சரி.

மத்தியானம் ஸ்கூலுக்குப் போனபோது ரங்கநாதன் சார் அங்கே போன் பண்ணினார். "மேனேஜர் இன்னும் கையெழுத்துப் போடலை மேடம். மாசக் கடைசிக்குள்ளே வாபஸ் வாங்கிக்கலாம்ங்கறார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்டுப்பான்."

21, திங்கள்

நல்ல மழை. ஸ்கூல் பாதி நாள். ஸ்டெல்லா காலேஜ் போகவில்லை. மூச்சு பரவாயில்லை.

இன்று வாசலில் இவர்: "அட்டை வந்துடுச்சு. ஆனா நடுநடுவே பிளாஸ்டிக் பொட்டு. காலண்டர் அடிக்கிறவர் வேண்டாம்னுட்டார். செருப்பு டப்பா செய்யறவர் ஒருத்தர் பார்க்கறேன்னிருக்கார்."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

பொய். முகம் வற்றிப்போயிருக்கிறது. சாதம் கட்டிக் கொடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் பஸ் வந்துவிட்டது, போய்விட்டார்.

26, சனி

போய்ப் பார்ப்பது என்று முடிவு பண்ணினேன். வாபஸ் வாங்குங்கள் என்று சொல்லத்தான். பஸ்ஸில் மனசுக்குள் பாடம் மாதிரி ஒப்பித்துக்கொண்டே போனேன். பாலத்தில் பார்த்தேன், காவேரி செம்மண் நிறத்தில் நிறைய.

ஸ்ரீரங்கத்தில் இறங்கி நடந்தேன். சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கொட்டகை வாசலில் ஒரு பெண். நாற்பது வயசு இருக்கும், கையெல்லாம் கஞ்சி. பேர் செல்வி என்று பிறகு தெரிந்தது.

"யாரைப் பார்க்கணும்மா?"

"சாரை."

"உள்ளதான் இருக்கார். போங்க. பேச்சு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார், சிரிச்சு சிரிச்சு வயித்து வலி எங்களுக்கு."

"யாரு, சாரா?"

"ஆமா, ஏன்?"

நான் கொஞ்சம் அங்கேயே நின்றேன். இவர் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து இன்னும் ரெண்டு பெண்களிடம் எங்கள் ஹவுஸ் ஓனர் குழாய் ரிப்பேர் பண்ணின கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷத்தில் நான் பார்க்காத ஆள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் பொறாமை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

அடுப்பு இல்லை. தேடிப் பார்த்தேன், ஸ்டவ், விறகு, தீப்பெட்டி எதுவும் இல்லை. சோடாத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவிடுகிறார்கள். அவ்வளவுதான், காகிதம் தானாக விடுகிறது. பிளாஸ்டிக்கை அலசிக் கொடியில் காயப்போட்டிருக்கிறார்கள், ஜாக்கெட் துணி மாதிரி வரிசையாக. பாலக்கரையில் வாளி செய்கிறவர் எடுத்துக்கொள்கிறாராம். உருக்குவது அவர் பாடு.

இவர்: "திங்கட்கிழமை போய் வாபஸ் வாங்கிடறேன். நீ அதைச் சொல்லத்தானே வந்திருக்கே? சரி."

"அங்க அந்த நாத்தத்தை யாரு சுவாசிக்கிறாங்க? பாலக்கரையில?"

"பெரிய ஷெட். கூரை உசரம். போய்ப் பார்த்துட்டுத்தான் கொடுத்தேன்." தொட்டியைக் கிளறிக்கொண்டே: "பக்கத்துல வீடு, ஜன்னல் எதுவும் இல்லை."

நான் தொட்டிக்குள் கை விட்டு ஒரு துண்டை எடுத்தேன். ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தேன். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது, பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி சுத்தமாகக் கையில் நின்றது. இன்னொன்று எடுத்தேன். நாலைந்து எடுத்திருப்பேன். 

"வாபஸ் வாங்க வேண்டாம்" என்றேன். ஒப்பித்துக்கொண்டு போனது இது இல்லை. "ராத்திரி வீட்டுக்கு வாங்க. இங்கயே குளிச்சிட்டு வாங்க."

31, வியாழன்

மேகம். மழை இல்லை. ராஜினாமாவில் மேனேஜர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இவர் ஆபீஸ் போகவில்லை, கொட்டகைக்குப் போனார். டிபன் கட்டிக் கொடுத்தேன், லெமன் சாதம். இனிமேல் என் சம்பளத்தில்தான் வீடு ஓடணும், எத்தனை மாசமோ. பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் கேள்விப்பட்டால் மருங்காபுரியிலிருந்து பஸ் பிடித்து வருவார்.

செருப்பு டப்பாக்காரர் அட்டையை எடுத்துக்கொண்டாராம். பொட்டு இருந்தால் என்ன, மேலே காகிதம் ஒட்டிவிடுவோம் என்றாராம்.

3 நவம்பர், ஞாயிறு

வெயில். ஸ்டெல்லா தானும் வருவேன் என்று பிடிவாதம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு கூட்டிப் போனேன்.

இவர் கொட்டகையை விடியற்காலையே கழுவியிருக்கிறார். ஸ்டெல்லா தொட்டி, கொடி, அட்டை எல்லாம் சுற்றிப் பார்த்தாள். இவர் காட்டவும் இல்லை, விளக்கவும் இல்லை. அவள் தோளையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். நின்றால் நின்றார்.

"என்னப்பா பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

அவள் தொட்டி பக்கத்தில் போய் நின்று, வேண்டுமென்றே, நன்றாக ஒரு மூச்சு உள்ளே இழுத்தாள். பிடித்துக்கொண்டாள். மெதுவாக விட்டாள். ஒரு சத்தம் இல்லை, விசில் இல்லை.

"போதுமாப்பா?"

இவர் வாழைப் பக்கம் திரும்பிக்கொண்டார். செல்வி என்னவோ வேலை இருக்கிற மாதிரி வெளியே போய்விட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். மூன்று பேரும் நின்றுகொண்டே வந்தோம்.