வாய் சொன்ன கால்சைன்

அன்புள்ள அண்ணனுக்கு,

பட்டர்வொர்த்தில் மழையா? இங்கே ஜெலுத்தோங்கில் துணியே காயவில்லை.

நீங்கள் என்னிடம் விட்டுப்போன ஹேம் ரேடியோவைத் திறந்துவிட்டேன், அண்ணே. ஃபேக்டரியில் தினமும் பற்றவைக்கும் சால்டர் கம்பி பிடிக்கிற கை சும்மா இருக்குமா? உள்ளே ஒரு டையோடைக் கழற்றியதும், நமக்கு அனுமதியில்லாத அலைவரிசையிலும் பேச முடிந்தது.

நேற்றுச் சாயந்திரம் கப்பல்காரர்களின் சேனலில் "ஹலோ" என்றேன். "ஹோய், சியாப்பா?" என்று யாரோ மலாயில் யாரெனக் கேட்டு அதட்டினார். நீங்கள் பேசும்போதெல்லாம் கேட்டுப் பழகிய வாய், பயத்தில் ரேடியோவில் உங்களை அடையாளம் காட்டும் கால்சைனையே சொல்லிவிட்டது.

அந்தக் கால்சைனின் லைசன்ஸில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் முகவரி.

டையோடைத் திரும்பப் பற்றவைத்துவிட்டேன்.

அதிகாரிகள் வந்தால் அங்கேதான் வருவார்கள். அவர்கள் கேட்டது பெண் குரல். அண்ணியை விசாரிப்பதற்குள் என் முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் தங்கை