பதுளையில் வண்டி நிற்கும் இடம்

ஆடி 2. வெள்ளி.

விடியற்காலம் தொட்டு சாரல். மேற்கே மலை தெரியவில்லை. ஆற்றில் கலங்கல். வாழைக்கு முட்டுக் கொடுக்கிற வேலை பாதி மிச்சம். காற்று நின்றால் பார்க்கலாம்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லுகிறேன், மருமகள் ராகேல் எழுதுகிறாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கை வேகம்.

"மாமா, நீங்க பேசுத மாதிரியே எழுதவா, புஸ்தகத்துல இருக்க மாதிரி எழுதவா?"

"புஸ்தகம் மாதிரியே எழுது தாயி. யாரும் சிரிக்கப்படாதுல்லா."

யாரும் படிப்பதற்கு அல்ல இது. பிறந்தது முதல் நடந்தது எல்லாம் எனக்கு நினைவில் இருக்கிறது. என் தகப்பனார் எந்த மாட்டை யாரிடம் வாங்கினார், அதற்கு எந்தக் காதில் வெட்டு, எல்லாம். கனவு மட்டும் நிற்பதில்லை. குளித்துவிட்டு வருவதற்குள் ஓடிவிடுகிறது. அதனால்தான் எழுதச் சொன்னேன்.

கனவு: இலங்கைச் சீமை. கடுகண்ணாவை ஏற்றம். கூண்டு வண்டி, நான் முன்னால். என் முதுகுக்குப் பின்னால் வீட்டுக்காரி ஞானப்பூ. மகன் சாமுவேலும் ராகேலும் பின்பக்கம் காலைத் தொங்கவிட்டபடி. அவர்கள் மகள் எஸ்தர் வைக்கோலில் உருளுகிறாள். இடப்பக்கம் அதலபாதாளம். ஒருவருக்கும் பயமில்லை. ஞானப்பூ எதற்கோ சிரித்துக்கொண்டே வருகிறாள்.

விழித்துப் பார்த்தால் அவள் எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். சிரிப்பு இல்லை.

ஆடி 3. சனி.

சாரல் குறைவு. காற்று. முருங்கையில் ஒரு கிளை முறிந்தது. கீரை இரண்டு வேளைக்கு ஆச்சு.

இளவட்டத்தில் இலங்கையில் வண்டி ஓட்டினேன். காப்பித் தோட்டங்கள் இருந்த காலம். கொழும்பிலிருந்து அரிசி மேலே போகும், மேலேயிருந்து காப்பி கீழே வரும். கொழும்பு, களனி, கேகாலை, மாவனல்லை, கடுகண்ணாவை, பேராதனை, கண்டி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை. இப்போது கேட்டாலும் எந்த வளைவில் எந்த மரம் என்று சொல்லுவேன்.

பதுளையில்தான் இப்போது என் மகள் சாராள் இருக்கிறாள். மாப்பிள்ளை தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்த கையோடு, வயிற்றில் பிள்ளையோடு கப்பல் ஏறிவிட்டாள். ஞானப்பூ இடித்து வைத்த மருந்துச் சாமான்கள் எல்லாம் அடுக்குப் பானையில் அப்படியே. அன்றைக்குச் சொன்னாள், தூத்துக்குடி ரயிலடியில், ஆட்கள் பார்க்க:

"தலைப்பிள்ளையை அங்கன போயி பெத்துக்கிடு. உன் வாசலை நான் மிதிக்க மாட்டேன்."

மிதிக்கவில்லை. சாராளும் வரவில்லை. அங்கே இப்போது பிள்ளை இரண்டு. ஞானப்பூ சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கிறவள் அல்ல. அவள் தகப்பனாரும் அப்படித்தான்; ஒரு ஆளோடு பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்த ஆள் செத்த வீட்டிலும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவர்.

சாயங்காலம் முற்றத்தில் நிற்கிற கூண்டு வண்டியில் சாமுவேல், ராகேல், எஸ்தர் மூன்று பேரையும் ஏற்றி உட்கார வைத்தேன். மாடு பூட்டவில்லை. நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருந்தது. யார் எங்கே உட்கார்ந்தால் பாரம் சரியாக இருக்கும் என்று பார்க்கத்தான். பிறகு பாதையைச் சொல்லிக்கொண்டே போனேன். எஸ்தருக்கு ஒரே குஷி.

"தாத்தா, அட்டை கடிக்குமா?"

"கடிக்கும். சுண்ணாம்பைத் தொட்டு வச்சா விட்டுரும்."

"என்னைய மட்டும் கடிக்கப்படாது."

றம்பொடை வந்தது. ரோட்டின் மேலேயே அருவி தூவும், குற்றாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எருமைத் தொழுவத்திலிருந்து ஞானப்பூவின் குரல்: "குத்தாலத்துக்கே இன்னும் கூட்டிட்டுப் போன பாடில்ல. றம்பொடையாம்."

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். சந்தோஷத்தில் ஒரே மூச்சாகப் பதுளைக்கு ஓட்டினேன். "இந்தா, சாராள் வீட்டு வாசல்ல கொண்டு நிறுத்திட்டேன்" என்றேன்.

தொழுவத்தில் போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. ஆற்றுக்குப் போய்விட்டாள், குடம் நிறைந்திருக்கும்போதே.

ஆடி 4. ஞாயிறு.

வேதக்கோயில். பாதிரி ஐயர் பிரசங்கம் நீளம். தூக்கம் வந்தது.

வெளியே தேவசகாயம் அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். விஷயம் அதற்குள் ஊரெல்லாம்.

"என்ன கொழும்புக்காரரே, வண்டி எதுவரைக்கும் போயிருக்கு?"

"நுவரெலியா தாண்டியாச்சு." பதுளை வாசலைச் சொல்லவில்லை.

"மாடு இல்லாமலா? புல்லுச் செலவு மிச்சம்வே."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்லாத்தான் இருந்தது.

மத்தியானம் ஆட்டுக்கறி. பல்லில் சிக்கியது.

ஆடி 6. செவ்வாய்.

ஏரல் சந்தை. வெற்றிலை, கருப்பட்டி, மண்வெட்டிக்குப் பிடி. கொழும்பில் கடை வைத்திருக்கிற காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவரைப் பார்த்தேன். களனி ஆற்றுத் தோணிப்பாலத்தில் இப்போதும் மாட்டுக்குக் கண் மறைத்துத்தான் கூட்டிப் போகிறார்களா என்று கேட்டேன்.

"தோணிப்பாலமா? அது போயி வெகு காலம் ஆச்சு அண்ணாச்சி. இப்ப இரும்புப் பாலம். மோட்டார் வண்டியெல்லாம் போவுது."

தோணிகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்டிருப்பார்கள். வண்டி ஏறினால் பாலம் மூச்சு விடுவது போல அசையும். அது இல்லை என்கிறார்.

வீட்டுக்கு வரும்போது முடிவு செய்தேன். இரும்புப் பாலத்திலேயே போவோம். எஸ்தருக்கு அசையாமல் இருப்பதுதான் நல்லது.

ஆடி 7. புதன்.

வெயில் எட்டிப் பார்த்தது. நெல் காயப் போட்டு அள்ளி, திரும்பப் போட்டு அள்ளி, ராகேலுக்கு இடுப்பு வலி. (இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்றேன்.)

மறுபடியும் வண்டியில் ஏறினோம். தையில் போகலாம் என்று பேச்சு. பிசான நெல் நடவு முடிந்து அறுப்புக்கு நாள் கிடக்கும். அங்கேயும் மலையில் மழை விட்டிருக்கும். கொண்டுபோக வேண்டியது சொல்லச் சொல்ல ராகேல் தனியாக எழுதினாள்: புழுங்கலரிசி, கருப்பட்டி, உப்புக்கண்டம், சுக்கு, கம்பளி, எஸ்தருக்குக் காதுத்துணி, பெரிய சட்டி ஒன்று, சின்னது ஒன்று, விளக்கு, அச்சுக்குப் போட வண்டி மசகு. வண்டியும் மாடும் கொழும்பில் வாடகைக்குப் பிடிப்பது. நம் மாடுகளையே கப்பலில் ஏற்றலாம் என்றேன். சாமுவேல் விழுந்து விழுந்து சிரித்தான்.

இன்றைக்கும் பதுளையில் சாராள் வாசலில்தான் கொண்டு நிறுத்தினேன். இன்றைக்கும் ஞானப்பூ போய்விட்டாள். அருகில் வந்து கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள். வாசல் என்ற சொல் வந்ததும் போய்விட்டாள்.

எனக்கு வருத்தம்தான். அவள் இல்லாமல் போவதாக இருந்தால் நான் போகவில்லை. கனவில்கூட அவள்தான் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஆடி 9. வெள்ளி.

காற்று பேய்க்காற்று. கூரையில் ஓலை பறந்தது. கட்டினோம்.

சாமுவேல் பள்ளிக்கூடத்திலிருந்து பூகோளப் படம் கொண்டுவந்தான். வாத்தியார் வேலை பார்க்கிறவன், எதையும் படத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம்புவான்.

"யப்பா, எதுக்கு இந்த வண்டிப்பாடு? பண்டாரவளை வரைக்கும் ரயில் போவுதுல்லா. அங்கன இறங்கினா பதுளை பக்கம். அம்மைக்கும் இடுப்பு நோவாது."

ரயிலில் என்ன தெரியும், குகை வந்தால் இருட்டு, குகை போனால் புகை என்றேன். நினைத்த இடத்தில் நிறுத்தி ஒரு வெற்றிலை போட முடியுமா என்றேன். ராகேல் ரயில் பக்கம். எஸ்தர் ஊதல் சத்தத்துக்காக ரயில் பக்கம். நான் ஒற்றை ஆள். விட்டுக்கொடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போது ஞானப்பூ கேட்டாள். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே, ஒருத்தரையும் பார்க்காமல்.

"ரயில்ல போனா, இறங்கி எங்கன தங்கணும்?"

"இது என்னம்மா கேள்வி? அக்கா வீட்டுலதான்" என்றான் சாமுவேல்.

"அப்ப ரயிலு வேண்டாம்."

சுளகு நிற்கவே இல்லை. வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ரயில் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

ஆடி 10. சனி.

வாழைத் தோட்டத்தில் முட்டுக் கொடுத்து முடிந்தது. இரண்டு மரம் சாய்ந்தே போச்சு. தார் இளசு, கறிக்கு ஆகும்.

ஞானப்பூ தோட்டத்துக்கே கஞ்சி கொண்டுவந்தாள். எப்போதும் ராகேல் கொண்டுவருவாள். வரப்பில் உட்கார்ந்து நான் குடித்து முடிக்கட்டும் என்று இருந்தாள். பிறகு:

"பதுளையில வண்டிய எங்கன நிறுத்துவீரு?"

"அவ வாசல்லதான்."

"எப்பப் பாத்தாலும் வாசல், வாசல். வேற இடமே கிடையாதா அந்த ஊருல?"

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. இத்தனை நாள் ஆசை ஆசையாக ஓட்டிக்கொண்டு போய், அவள் மிதிக்கமாட்டேன் என்ற இடத்திலேயே நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாராள் இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரம் பெரிய பலாமரம் உண்டு, அங்கே அவிழ்த்துப் போடலாம் என்றேன். வண்டிக்காரர்கள் யார் வீட்டுக்குள்ளும் போய்த் தங்குவதில்லை. சரக்கை விட்டுப் போகமுடியாது. வண்டிதான் வீடு. அடியில் படுக்கை, சக்கரத்தோரம் அடுப்பு. மாட்டை அவிழ்த்து, வண்டிக்கு முன்னால் நீண்டிருக்கிற ஏர்க்காலைத் தரையில் ஊன்றினால் அதுதான் வாசல். கேட்காமல் யாரும் அதைத் தாண்டமாட்டார்கள். எங்கள் காலத்தில் ஒரு தோட்டக் கங்காணி கேட்காமல் தாண்டிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு அவர் வீட்டு அம்மாள் சோறு கொண்டுவந்தபோது வெளியே நின்று "வரலாமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் தாண்டினாள்.

ஞானப்பூ புல்லைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள்.

"அப்ப, நம்ம வண்டி அங்கன நின்னா, அது நம்ம வீடு."

"ஆமா."

"அவதான் நம்ம வாசலுக்கு வரணும்."

"ஆமா."

"கூப்பிட்டா வருவாளா?"

இதற்கு ஆமாம் என்று சொல்லிவிட முடியாது. சாராளும் செத்த வீட்டிலும் பேசாத அந்தத் தாத்தாவின் பேத்திதானே. ஆனால் அவள் சின்ன வயதில் நடந்தது ஒன்று நினைவு வந்தது. திருவைகுண்டம் அணைக்கட்டில் தண்ணீர் பார்க்கப் போனபோது, கூட்டத்தில் அம்மையைக் காணோம் என்று, என் கையை உதறிவிட்டு ஓடினாள். அதைச் சொன்னேன்.

ஞானப்பூ கலயத்தைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு போனாள். வாய்க்கால் பக்கத்திலேயே ஓடுகிறது. கழுவ மறந்திருக்கிறாள்.

ஆடி 11. ஞாயிறு.

கோயில். ஞானப்பூ பாட்டில் சத்தமாகப் பாடினாள். முன் பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

திரும்பி வரும் வழியில் தேவசகாயம் அண்ணாச்சி: "வண்டி பதுளை சேந்துட்டா?"

நான் பதில் சொல்லுவதற்கு முன்னே ஞானப்பூ, "ரோட்டோரம் நிக்கி அண்ணாச்சி. பலாமரத்தடியில" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு இன்றைக்கு முழுதும் அது போதும்.

சாமுவேலிடம் அக்காளுக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறது: தையில் வருகிறோம், வண்டி கீழே ரோட்டில் நிற்கும், நீ வந்து வண்டி வாசலில் நின்று அம்மையைக் கூப்பிடு. அவ்வளவுதான். வேறு ஒன்றும் சேர்க்காதே என்று ஞானப்பூ பக்கத்திலேயே நின்றாள்.

ஆடி 12. திங்கள்.

காற்று அடங்கியது. மலை முழுசாகத் தெரிந்தது. எருமை பால் குறைத்துவிட்டது.

சாயங்காலம் வண்டியில் ஏறினோம். ஞானப்பூவும் ஏறினாள், முதல் தடவையாக. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். கொழும்பிலிருந்தே ஆரம்பிக்கச் சொன்னாள். இரும்புப் பாலம் தாண்டினோம். கேகாலை தாண்டினோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஆம்பிளைகள் இறங்கி நடக்கவேண்டும் என்றேன். சாமுவேலை உண்மையாகவே இறக்கிவிட்டாள், முற்றத்தைச் சுற்றி நடந்தான்.

வெலிமடை கழிந்ததும் ராகேல் அசதியில் வைக்கோலில் காலை நீட்டினாள்.

"காலை மடக்கு தாயி" என்றாள் ஞானப்பூ. "அங்கன மூணு பேருக்கு இடம் வேணும்லா."

"யாருக்கும்மா?" என்றான் சாமுவேல்.

"அவளுக்கும் புள்ளைகளுக்கும். வாசல் தாண்டி வந்தவளை நிக்க வச்சேவா பேசுவாக?"

மூன்று பேர் ஏறினால் பின்பாரம் ஆகும், ஏர்க்கால் தூக்கிக்கொள்ளும் என்றேன்.

"தூக்காது. நீரு முன்னால தள்ளி உக்காரும்."

தள்ளி உட்கார்ந்தேன்.