கோப்பையில் திரும்பி விழுந்த பலகை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரை வேளைக்கு உள்ளே போகிறது. அதை விசாரிக்கும் சாக்கில் பேச்சை மாற்றாதே. தொலைபேசியில் கேட்க வேண்டியதைக் கேட்டால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் தேநீர்க் கோப்பைகளைப் பற்றியது.

என் மகன் ஆரம்பித்து வைத்துவிட்டுப் போன சதுரங்கப் புதிர் இணையதளத்தை நீ மூடிவிடாமல் நடத்துவதில் எனக்கு நிறைவுதான். அதில் குறை சொல்லவில்லை. ஆனால் போன வருடம் என் கணக்கில் நீ போட்ட பணத்தை நான் அப்படியே திருப்பி அனுப்பினேன், நினைவிருக்கும். கொஞ்ச நாள் நீ என்னோடு பேசவில்லை. பிறகு திடீரென்று ஒருநாள், தளத்து ஆட்கள் எல்லோரும் அவன் கடைசியாகப் போட்ட புதிரைக் கோப்பையில் அச்சடித்துக் கேட்கிறார்கள், உங்களிடம்தான் மெஷின் இருக்கிறதே மாமா என்றாய். எல்லாவற்றையும் உன் வீட்டுக்கே அனுப்பச் சொன்னாய். நீயே பிரித்து அவரவருக்கு அனுப்பிவிடுவாயாம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவன் புதிர் என்றதும் புத்தி வேலை செய்யவில்லை.

இந்த மெஷினை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விரலைச் சுட்டுக்கொண்டு நானே கற்றது. படத்தைத் தாளில் இடவலம் மாற்றி எடுத்து, கோப்பையில் சுற்றிச் சூடு கொடுத்தால்தான் நேராக விழும். இரண்டாவது பெட்டிக்கு அப்படி மாற்ற மறந்துவிட்டேன். ஓர் எழுத்து இருந்திருந்தாலும் பிடித்திருப்பேன். வெறும் கட்டமும் காய்களும்தானே, கண் ஏமாந்துவிட்டது. பெட்டி உன்னிடம் வந்து சேர்ந்த பிறகு, மிஞ்சிய ஒரு கோப்பையில் எதிர்வீட்டுத் தையல்காரருக்குத் தேநீர் கொடுத்தேன். அவர் குடிக்காமல் அதையே உற்றுப் பார்த்தார்.

"ஏங்க, வலது கை ஓரக் கட்டம் வெள்ளையால்ல இருக்கணும்? கறுப்பா இருக்கு. சின்னப் பசங்ககூட பலகையை இப்படிப் போட மாட்டாங்களே" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் தளத்து ஆட்களை நான் அறிவேன். அவன் உயிரோடு இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு சிப்பாய் கட்டத்துக்குள் கொஞ்சம் ஒதுங்கி நின்றாலே வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். சரி, வசவு வரட்டும், எல்லாவற்றையும் மாற்றிக் கொடுப்போம் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. உன்னிடம் கேட்டால், "எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு மாமா, இன்னும் ஒரு பெட்டி கேக்கறாங்க" என்றாய். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பொருள் பிடித்தது என்று நீ சொன்னபோதுதான் எனக்குச் சந்தேகமே வந்தது.

அடுத்தது, என் பேத்தி வாலு. விழுந்த பல்லை எனக்குக் காட்ட வேண்டும் என்று வீடியோவில் அலமாரியைத் திறந்தாளே, அன்று. பல் ஒரு கோப்பைக்குள் இருந்தது. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கோப்பைகள். நீ ஓடிவந்து கதவைச் சாத்தினாய். நான் எதையும் பார்க்காதவன்போல் பல்லைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். பேத்தி முன்னால் உன்னை நிற்க வைத்துக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு நானே தளத்தில் சேர்ந்தேன். போன மாதம் வந்து சேர்ந்த 'நொண்டிக் குதிரை' யார் என்று யோசித்திருப்பாய். நான்தான். கோப்பை வாங்கியவர்கள் குறை இருந்தால் கூச்சப்படாமல் சொல்லவும் என்று எழுதினேன். எந்தக் கோப்பை என்று கேட்டார் ஒருவர். கோப்பை போட்டுவிட்டு எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று இன்னொருவர் கோபித்துக்கொண்டார். "அவரோட கடைசிப் புதிரா? எனக்கு இன்னும் விடை கிடைக்கல. தினம் காலையில கண் முன்னால இருந்தா நல்லா இருக்கும். ரெண்டு அனுப்புங்க" என்று எழுதினார் ஒருத்தர். மறுநாளே கைப்பிடி இடப்பக்கமா வலப்பக்கமா என்று அடிதடி தொடங்கிவிட்டது. நீ பார்ப்பதற்குள் என் கேள்வியையே அழித்துவிட்டேன், பதில்களும் அதோடு போய்விட்டன. உன்னைச் சபையில் விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

ஆக, வாங்கியது முழுக்க நீ. நான் வாங்க மறுத்த பணத்தைச் சுற்றுவழியில் என் கையில் திணித்தாய். அது புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை. வேண்டுமா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தாயா? கிழவன் அச்சடித்ததை யார் வாங்குவார்கள் என்று நீயாகவே முடிவு கட்டிவிட்டாய். அதுதான் எனக்குச் சுடுகிறது. ஒருவேளை அவனுடைய புதிர் வெளியார் கைக்குப் போவது உனக்குப் பொறுக்கவில்லையோ என்றும் யோசித்தேன். அப்படியிருந்தால் சொல்லிவிடு. அதற்கு நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இல்லையென்றால், தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவிப்பு போடு. ஒவ்வொருவருக்கும் இங்கிருந்து நானே அனுப்புகிறேன். நீ இனி ஒன்றுகூட வாங்கக் கூடாது. என்ன பட்டப்பெயரில் கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன், வாலு பெயர் உட்பட.

திரும்பி விழுந்த கோப்பைகள் என்னிடம் வந்தாக வேண்டும். தப்பான என் வேலை இன்னொரு வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது. பார்சலில் அனுப்பாதே. தூக்கி எறிகிறார்கள். நீ கட்டும் பெட்டியையும் நான் நம்புவதில்லை. கல்யாணமாகி வந்த அன்று நீ கட்டிக்கொண்டு வந்த பெட்டி வாசலிலேயே வாயைப் பிளந்தது. ஆகையால் விடுமுறையில் நீயே கையோடு கொண்டு வா. வாலுவைத் தனியாக விடாதே, அவளையும் கூட்டி வா. அவன் அறையில் இருந்த மெஷினைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டேன். கட்டிலுக்குக் கால் மாற்றியாகிவிட்டது.

கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்வேன். வழியில் சிலது உடைந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் முழுசாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
மாமா