லயத்துச் சத்தம்

12 ஜூலை 1984, வியாழன்
"சார், வீட்டக் கையில எடுத்துக்கிட்டுப் போயிக் காட்ட முடியுமா?" என்று போன வாரம் சோலைமலை கேட்டான். என்னிடம் படித்தவன்; இப்போது போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. மனைவி சந்திரவல்லி காசநோய்க்காக மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மூன்று வயது மகள் பொன்னுமணியை வார்டுக்குள் விடமாட்டார்கள். பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியாது, கிளம்பி வந்துவிடுகிறேன் என்கிறாளாம். மருந்தைப் பாதியில் விட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வீட்டைக் கொண்டுபோக முடியாது. சத்தத்தைக் கொண்டுபோகலாமே? ஓய்வு பெற்ற அன்று பிள்ளைகள் வாங்கித் தந்த டேப் ரெக்கார்டர் சும்மாதானே இருக்கிறது.

15 ஜூலை, ஞாயிறு
ஜீப்பில் மேலே போனேன். ரெக்கார்டர் பெட்டியைத் திறந்ததுமே சோலைமலையின் அக்கா முத்துப்பேச்சி, "ஏய், வாத்தியாரு பிடிக்கிறாரு, ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது!" என்று அதட்டினாள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் அடங்கின. பொன்னுமணி நாலு வார்த்தை பேசி, ஒரு பாட்டும் பாடினாள். என்ன தெளிவு! எனக்குப் பெருமை.

19 ஜூலை
ரெக்கார்டரும் டேப்புமாக மதுரை போன சோலைமலை இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தான். டேப்பைக் கேட்டு சந்திரவல்லி அழுதாளாம். "யாருக்கு என்ன ஆச்சு? எதுக்கு எல்லாரும் வாயடைச்சுக் கெடக்கீக? ஞாயித்துக்கெழம நான் வர்றேன்." லயத்தில் அப்படி ஓர் அமைதி, இழவு விழுந்த அன்றுதான் இருக்குமாம்.

இன்ஸ்பெக்டர் வந்தால் வகுப்பு எப்படி அடங்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த அமைதியைத்தானே பிடித்து அனுப்பியிருக்கிறேன். ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன்!

20 ஜூலை
வேலை முடிந்து எல்லாரும் திரும்பும் நேரத்துக்கு மறுபடி லயத்துக்குப் போனேன். பெட்டியை ஓடவிட்டு, "அது பாட்டுக்கு ஓடட்டும், உங்க சோலியப் பாருங்க" என்றேன். முதலில் விறைப்பாகத்தான் இருந்தார்கள். மழை பிடித்தது. விறகு நனைந்தது. முத்துப்பேச்சியின் கோழி பக்கத்து வீட்டு அன்னக்கொடியின் மாவுச் சட்டிக்குள் இறங்கியது. அவ்வளவுதான் — என்னையும் மறந்தார்கள், பெட்டியையும் மறந்தார்கள்.

"கோழியக் கட்டிப்போட வக்கில்ல, வாயி மட்டும் போடி வரைக்கும் கேக்குது!"

"ஒஞ் சட்டிய மூடி வெச்சா எங் கோழி ஏன்டி வருது?"

இதை அனுப்பலாமா என்று இருவரிடமும் கேட்டேன். "அனுப்புங்க சார், அவளுக்குத் தெரியாத சண்டையா?" என்றாள் அன்னக்கொடி.

ஆனால் பிள்ளையின் குரல் இதில் எங்கோ மூலையில் கிடக்கிறது.

21 ஜூலை
சொல்லியனுப்பியதும் மைக்செட் மொக்கச்சாமி ஆம்ப்ளிஃபயரோடு இரண்டு ரெக்கார்டரும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். "கல்யாணத்துல ரெண்டு மைக் போடுற பொட்டி சார். ஒரு பக்கம் நாயனம், ஒரு பக்கம் மாமியா." அதில் ஒரு பக்கம் பிள்ளை பாடிய முதல் டேப், மறு பக்கம் சண்டை டேப், சேர்ந்து வருவதை இன்னொரு ரெக்கார்டரில் பிடித்தோம். ரசத்துக்கு உப்புப் போடுவது போலத்தான். சண்டையைக் கூட்டினால் பிள்ளை முழுகிவிடுகிறது. குறைத்தால் மறுபடி இழவு வீடு. குமிழைத் திருகித் திருகி, கடைசியில் மழைக்குள்ளிருந்து பொன்னுமணி வந்தாள்.

மொக்கச்சாமி டீகூடக் குடிக்காமல் போனான். நல்ல மனுஷன். மத்தியான பஸ்சில் சோலைமலை புது டேப்பும் ரெக்கார்டருமாக மதுரை போயிருக்கிறான்.

22 ஜூலை, ஞாயிறு
தகவல் இல்லை. பஸ் வரும்போதெல்லாம் வாசலுக்குப் போகிறேன்.

23 ஜூலை
சோலைமலை தனியாக வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அவள் தங்குகிறாள்! வார்டே கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கேட்டதாம். பாதிப் பேர் முத்துப்பேச்சி கட்சி, மீதி அன்னக்கொடி கட்சி. "எங்க நாத்தனா வாயி இன்னும் அடங்கல" என்று சந்திரவல்லி சிரித்தாளாம்.

மழைக்கு நன்றி. கோழிக்கு நன்றி. சட்டியை மூடாமல் வைத்த அன்னக்கொடிக்குத் தனியாக ஒரு நன்றி.

14 அக்டோபர், ஞாயிறு
சந்திரவல்லி குணமாகி வந்தாள். நானும் கூடவே மேலே போனேன். பொன்னுமணி அத்தையின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "ஆத்தாகிட்டப் போ, போ" என்று ஆளாளுக்குத் தள்ளினார்கள், அசையவில்லை. சந்திரவல்லி கூப்பிடவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். "பானைய இப்பிடியா கரி பிடிக்க விடுவீக? ஒரு மனுசன் இருக்கிற வீடா இது?" என்று சோலைமலையைத் திட்ட ஆரம்பித்தாள். திட்டு வளர வளர, பிள்ளை மெல்ல மெல்லப் போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. சந்திரவல்லி திட்டை நிறுத்தவே இல்லை.

தூரத்தில் இருக்கிற யாருக்காவது நீங்கள் வீட்டுக் குரலை அனுப்புவதானால், ரெக்கார்டரை அமுக்கிவிட்டு, ஒரு வேளைச் சமையல் முடியும்வரை அதை மறந்து பாருங்கள்.