மிர்யாங் பார்க் வீட்டுக்கு மிர்யாங் பார்க் மாப்பிள்ளை

அன்பு மகள் இன்சுனுக்கு அம்மா எழுதுவது. நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமாயிருக்க வேண்டும், மற்றதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான். இங்கே உடம்புக்குக் குறைவில்லை, குளிர்காலத்துக் கிம்ச்சி ஊறுகாயும் போட்டாயிற்று, ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நீ இருக்கும் ஜெர்மனிக்குச் சுரங்க வேலைக்காக நம் நாட்டுப் பையன்கள் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள், உனக்கு ஒரு கிம் வம்சத்தான், ஒரு சோய் வம்சத்தான் கிடைக்கவில்லையா? பார்க் வம்சம், அதுவும் மிர்யாங் ஊரை மூலமாகக் கொண்ட நம் பார்க்கேதானா? கிணற்றடி முட்டையிலிருந்து முதல் பார்க் ராஜா பிறந்து இரண்டாயிரம் வருடமாகிறது, ஊர் ஊராகப் பெருகியாயிற்று, இன்னும் எல்லாரும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, கட்டிக்கொள்ளச் சட்டமே விடாது என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் பயத்தில் அந்தச் சிரிப்பு நிலைப்பதில்லை. போன வருடம் நெல் ஆலை வீட்டுப் பையனும் நம் பங்காளிப் பெண் ஒருத்தியும் இதே காரணத்துக்காக ஏரியில் விழுந்து செத்தார்கள். கரையில் இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு ஒழுங்காக வைத்திருந்தது. அதைப் பார்த்தவள் நான்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், அவர் பூசைத் தட்டுகளைத் துடைக்கப் போய்விட்டார். அப்படியே மூதாதையர் கல்லறைப் பூசைக்குப் போனோம். அங்கே உன் பெரியப்பா கள் குடித்துவிட்டு, ஒரே வம்சத்துல சேர்ந்து வாழுறவங்க இந்த வருசம் மட்டும் கல்யாணத்தைப் பதிஞ்சுக்கலாமாம், கவர்மெண்டே சொல்லிடுச்சு, இனி மனுசனுக்கும் ஆட்டுக்கும் என்னடா வித்தியாசம் என்று கத்தினார். பிறகு அப்பாவைப் பார்த்து, ஆமா, ஜெர்மனியில இருக்குற ஒம் மருமவன் என்ன வம்சம்டா என்றார். அப்பா நிதானமாக, ஆன்டோங் கிம் வம்சம்ண்ணே என்றார். பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம், ஒம் பொண்ணு கெட்டிக்காரிதான் என்றார். அடுத்துக் கல்லறை முன்னால் கும்பிட்டு விழுந்த அப்பா வெகுநேரம் எழவில்லை, உயிர் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில், பெரியவங்க தலமாட்டுல நின்னு பொய் சொல்லிட்டேன், கோவம் வந்தா எம்மேல வரட்டும், புள்ளை மேல வேண்டாம் என்றார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. இரவில் காற்று கதவைத் தட்டினாலும் எழுந்து உட்காருகிறார்.

டிசம்பரோடு பெரியப்பா சொன்ன அந்தச் சலுகைச் சட்டம் முடிகிறது இன்சுன். பிறகு உன் பிள்ளை அப்பன் பெயரில்லாமல்தான் பள்ளிக்கூடம் போகும். அங்கே நம் தூதரகத்திலேயே கல்யாணத்தைப் பதிய முடியுமா என்று உடனே கேள், இல்லையென்றால் இரண்டு பேரும் விமானம் ஏறுங்கள். நம் ஊர் ஸ்டேஷனில் இறங்க வேண்டாம், டவுனில் இறங்கு, நான் வருகிறேன். அப்பா கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் தன் முத்திரையை என்னிடம் கொடுத்துவிட்டார், தேவப்பட்ட எடத்துல நீயே குத்திடு, நான் அதப் பாக்க வேண்டாம் என்றார்.

குளிரில் வயிற்றை மூடிக்கொள். எல்லா மூதாதையரும் உன்னை மன்னித்துக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே, பதிவு ஆபீசில் மட்டும்தான் மாப்பிள்ளை பார்க் வம்சம். எங்கள் காலம் முடியும்வரை உன் பிள்ளை இந்த வாசலுக்கு வந்தால் கிம் வீட்டுப் பிள்ளையாகத்தான் வர வேண்டும், அப்படித்தான் நான் அதைத் தூக்கிக் கொஞ்ச முடியும்.

உன் அம்மா,
யுன் கும்நே